1968 செவ்ரலே இம்பாலா: புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்களுக்கு உரிய அசல் மேற்பூச்சு எது?

கேள்வி: கோட்டூர்புரம்68

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் 1968 ஆம் ஆண்டின் செவ்ரலே இம்பாலா ஒன்று இருக்கிறது. இடப்பக்க ஸ்டீயரிங், 307 கன அங்குல வி8 என்ஜின், ஸ்டீயரிங் தண்டிலேயே கியர் மாற்றும் மூன்று கியர் அமைப்பு. சென்னையில் பணியாற்றிய அமெரிக்கர் ஒருவர் ஊர் திரும்பும்போது விற்றுச் சென்ற வண்டியை என் தாத்தா வாங்கினார். 2015 டிசம்பரில் அடையாறு பெருகி எங்கள் தெருவுக்குள் வந்தபோது இந்த வண்டி பானெட்டின் விளிம்பு வரை நீரில் நின்றது. நீர் வடிந்த பிறகு என்ஜினை மட்டும் கழற்றி, எண்ணெய் ஊற்றிப் பாதுகாத்து வைத்தோமே தவிர, முழுமையான புதுப்பிப்பைச் சென்ற ஆண்டுதான் தொடங்க முடிந்தது.

என்ஜின் வேலை நன்றாக முடிந்துவிட்டது. பிளாக், ஹெட் ஆகியவற்றுக்கு அந்த ஆண்டுக்குரிய செவ்ரலே ஆரஞ்சு நிறமே அடிக்கப்பட்டது. இப்போது நான் தடுமாறி நிற்பது புகைக் கட்டுப்பாட்டுப் பாகங்களில். இந்த வண்டியில் ஏ.ஐ.ஆர். எனப்படும் காற்று செலுத்தும் அமைப்பு முழுமையாக இருக்கிறது. பெல்ட்டால் சுழலும் காற்று பம்ப், அதன் பிராக்கெட்டுகள், புல்லி, தேவைப்படும்போது காற்றை வெளியே திருப்பும் டைவர்ட்டர் வால்வு, இரு பக்கமும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குள் செல்லும் குழாய்கள், அவற்றின் வாயிலில் புகை பின்னோக்கி வராமல் தடுக்கும் ஒவ்வொரு செக் வால்வு, ஹோஸ்கள், ஸ்பிரிங் கிளிப்புகள், தனியே, என்ஜினுக்குள் தேங்கும் புகையை மீண்டும் இழுத்து எரிக்க விடும் பி.சி.வி. வால்வு. ஒன்றும் தொலையவில்லை. ஆனால் வெள்ளச் சேறும் துருவும் சேர்ந்து எல்லாவற்றையும் ஒரே மண் நிறமாக்கிவிட்டன.

என் மெக்கானிக் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அனுபவமுள்ளவர், என்ஜின் விஷயத்தில் அவர் சொல்லை நான் மீறியதே இல்லை. அவர் இந்தப் பம்பினால் பயன் ஏதுமில்லை, கழற்றிவிட்டு மேனிஃபோல்டு துளைகளைப் போல்ட் வைத்து அடைத்துவிடலாம், வைத்திருக்க வேண்டுமென்றால் எல்லாவற்றுக்கும் கறுப்பு பவுடர் கோட்டிங் கொடுத்துவிடலாம் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அதற்கிடையில் நான் அவசரப்பட்டு ஒரு தவறு செய்தேன். நான்கு ஸ்பிரிங் கிளிப்புகளையும் இரண்டு சிறு பிராக்கெட்டுகளையும் ஒரு முலாம் பட்டறையில் கொடுத்து, “மஞ்சள் போட்டுக் கொடுங்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். திரும்பி வந்தவை கண்ணைப் பறிக்கும் எலுமிச்சை மஞ்சளில், கண்ணாடி போல் பளபளத்தன. பழைய வண்டியில் அப்படி ஒரு நிறத்தை நான் கண்டதே இல்லை. பிராக்கெட்டுகளை அவர்கள் பஃபிங் சக்கரத்தில் தேய்த்திருக்கிறார்கள். அதனால் தகட்டில் இருந்த அச்சுத் தடங்களும் மழுங்கிவிட்டன.

எனவே மீதமுள்ளவற்றைத் தொடுவதற்கு முன்பு உங்களைக் கேட்கிறேன். இவற்றில் எது முலாம், எது பெயிண்ட், எது வெறும் உலோகம் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? மஞ்சள் என்றால் எந்த மஞ்சள்? சென்னையில் செய்யக்கூடியதா? அமெரிக்காவிலிருந்து புதிதாக முலாமிடப்பட்ட பாகங்களை வாங்குவதைவிட, ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த வண்டியோடு இருந்த பாகங்களையே காப்பாற்ற விரும்புகிறேன்.

பதில் 1: அம்பத்தூர் பணிமனை

தம்பி, முதலில் அந்தப் பம்பைக் கழற்றி எறியாமல் இருந்ததற்கு நன்றி. இந்த ஊருக்கு வந்த பழைய அமெரிக்க வண்டிகளில் பெரும்பாலானவற்றில் மேனிஃபோல்டில் போல்ட் அடைத்த துளைகளை மட்டுமே பார்த்திருக்கிறேன். பம்ப், குழாய், வால்வு எல்லாம் இரும்புக் கடைக்குப் போயிருக்கும். உங்களுடையது முழுமையாக இருப்பதே அரிது.

இது உங்கள் வண்டிக்கு உரிய அமைப்புதானா என்ற ஐயம் யாருக்காவது வரலாம் என்பதால் அதை முதலில் தீர்த்துவிடுகிறேன். கலிஃபோர்னியாவில் 1966 மாடலிலிருந்தும், அமெரிக்கா முழுவதற்கும் 1968 மாடலிலிருந்தும் எக்ஸாஸ்ட் புகைக்கு வரம்பு வந்தது. செவ்ரலே நிறுவனம் 1968இல் அந்த வரம்பை இரு வழிகளில் எட்டியது. ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டரையும் இக்னிஷன் டைமிங்கையும் திருத்தி அமைத்தே சமாளித்தார்கள். மேனுவல் கியர் வண்டிகளில் காற்று பம்பை வைத்தார்கள். உங்களுடையது மேனுவல் கியர், ஆகவே பம்ப் பொருந்துகிறது. அதேபோல் பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கரி டப்பா இதில் இருக்கக் கூடாது. அது கலிஃபோர்னியாவுக்கு 1970இலும் மற்ற மாநிலங்களுக்கு 1971இலும்தான் வந்தது. பிற்கால வண்டியிலிருந்து, எக்ஸாஸ்ட் புகையில் ஒரு பகுதியை என்ஜினுக்கே திருப்பும் ஈ.ஜி.ஆர். வால்வையும் கரி டப்பாவையும் எடுத்து 1968 வண்டியில் மாட்டிவிட்டு, “எல்லாம் முழுமையாக இருக்கிறது” என்று மகிழ்ந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். உங்களுக்கு அந்த ஆசையை யாராவது ஊட்டினால் ஏற்க வேண்டாம்.

இப்போது நிறத்துக்கு வருவோம். இந்தப் பாகங்களை அழகுக்காக யாரும் நிறம் பூசவில்லை. ஒவ்வொரு பாகமும் அதைத் தயாரித்த தொழிற்சாலையில் துருப்பிடிக்காதிருக்க என்ன தேவையோ அந்த மேற்பூச்சோடுதான் வந்தது. செவ்ரலே அதை வாங்கி அப்படியே மாட்டியது. பம்பைச் செய்தது ஜெனரல் மோட்டார்ஸின் சாகினா பிரிவு. வால்வுகளும் கிளிப்புகளும் வேறு இடங்களிலிருந்து வந்தவை. அதனால்தான் ஒரே அமைப்பின் பாகங்கள் ஐந்தாறு வெவ்வேறு தோற்றங்களில் இருக்கும். அந்த வேறுபாட்டை அழித்து எல்லாவற்றையும் ஒரே கறுப்பாகவோ ஒரே மஞ்சளாகவோ ஆக்கினால், எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் அது தவறாகவே தெரியும்.

பம்பின் உடல் அச்சில் வார்த்த அலுமினியம். அதற்குப் பெயிண்ட் இல்லை, முலாம் இல்லை, பாலிஷ் இல்லை. அச்சிலிருந்து வந்த மெல்லிய சாம்பல் தோலே அதன் மேற்பூச்சு. சாண்ட் பிளாஸ்டிங் செய்தால் அந்தத் தோல் உடைந்து, உப்புத்தாள் போன்ற சொரசொரப்பு வந்துவிடும். கிளாஸ் பீட் பிளாஸ்டிங் செய்தால் வெள்ளிப் பொடி தூவியது போல் மின்னும். இரண்டுமே பார்த்தவுடன் தெரிந்துவிடும். மேலும் ஒரு சிறு மணி உள்ளே புகுந்தாலும் பம்பின் தகடுகளும் பேரிங்கும் கெட்டுவிடும். மண்ணெண்ணெய், மென்மையான சோப்பு நீர், நைலான் பிரஷ், பொறுமை, இவை போதும். துளைகளை அடைக்காமல் நீரைப் பீய்ச்ச வேண்டாம். பம்புக்குள் எண்ணெய் விடவும் வேண்டாம். அதன் பேரிங்குகளுக்கு ஆயுள் முழுவதற்குமான கிரீஸ் உள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது.

டைவர்ட்டர் வால்வின் உடலும் வார்ப்புதான், அதுவும் இயல்பு நிறம். ஆனால் டயஃப்ரம் என்ற ரப்பர் சவ்வை மூடியிருக்கும் தகட்டு மூடி மஞ்சள் குரோமேட் படலம் ஏறிய முலாம். செக் வால்வுகளின் தகட்டு உடலும் அப்படியே. இந்தச் செக் வால்வில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கழற்றிப் பார்த்தால் மங்கிய சாம்பலாக இருக்கும். “இது வெள்ளை முலாம்” என்று முடிவு செய்து விடுவார்கள். மஞ்சள் குரோமேட் படலம் ஏறத்தாழ 70 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பத்தில் நெடுநாள் இருந்தால் ஈரப்பதத்தை இழந்து, நுண்ணிய வெடிப்பு விட்டு, நிறம் வெளிறும். செக் வால்வு இருப்பதோ எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு ஒரு சாண் தூரத்தில். ஆக, நீங்கள் காணும் சாம்பல் ஐம்பது ஆண்டு வெப்பத்தின் நிறம், தொழிற்சாலையின் நிறம் அல்ல. ஹோஸ் மூடியிருந்த வாய்ப்பகுதியைப் பாருங்கள். அங்கே பொன்னிறத்தின் எச்சம் பெரும்பாலும் இருக்கும்.

மற்றவற்றுக்கும் இதுவே வழி. குழாய், புல்லி, பிராக்கெட் ஆகியவற்றின் மேற்பூச்சு, பாகத்தைச் செய்தவரையும் தொழிற்சாலையையும் மாதத்தையும் பொறுத்து மாறும். அதனால் “எல்லா 1968 வண்டிகளுக்கும் இது” என்று நான் எழுதினால் அது உங்களைத் தவறான வழியில் செலுத்துவதாகிவிடும். உங்கள் பாகமே சாட்சி. போல்ட் தலைக்கும் வாஷருக்கும் அடியில், இரு பிராக்கெட்டுகள் ஒன்றோடொன்று அழுந்தியிருந்த இடத்தில், புல்லி பம்பின் முகத்தில் உட்கார்ந்த வட்டத்தில், கிளிப் இறுக்கியிருந்த பட்டையில் என்ன இருக்கிறது என்று பகல் வெளிச்சத்தில் பார்த்து, பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் படம் எடுங்கள். வெள்ளைத் தாள் இல்லாமல் எடுத்த படத்தில் மஞ்சளுக்கும் துருவுக்கும் வேறுபாடு தெரியாது. சுத்தம் செய்வது அதற்குப் பிறகுதான். என்ஜின் நிறமான ஆரஞ்சு ஏதாவது ஒரு பாகத்தின் ஓரத்தில் தூவானமாகப் படிந்திருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். என்ஜினுக்கு நிறம் அடித்தபோது அந்தப் பாகம் மாட்டப்பட்டிருந்தது என்பதை அது சொல்லும்.

போல்ட்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அக்காலச் செவ்ரலே என்ஜினில் பாஸ்பேட் என்ற கறுஞ்சாம்பல் நிறத் துருத்தடுப்புப் படலம் ஏறிய போல்ட்டுகளே மிகுதி. தலையில் மூன்று கோடுகளும் செய்தவரின் எழுத்துகளும் இருக்கும். இங்கே பழுதுபார்த்தபோது எங்காவது டி.வி.எஸ். 8.8 என்று பொறித்த போல்ட் நுழைந்திருக்கலாம். அது நல்ல போல்ட்தான், ஆனால் அதன் மரை மெட்ரிக். அங்குல மரையில் வலிந்து ஏற்றியிருந்தால் வார்ப்பின் மரை கெட்டிருக்கும். கழற்றும்போது கவனியுங்கள்.

பதில் 2: கிண்டி முலாம்

நான் கிண்டித் தொழிற்பேட்டையிலும் பிறகு அம்பத்தூரிலும் இருபத்தாறு ஆண்டுகள் முலாம் தொட்டிகளின் அருகில் நின்றவன். மேலே எழுதிய ஐயாவின் கருத்துகளோடு உடன்படுகிறேன். பட்டறையில் என்ன கேட்க வேண்டும் என்பதை மட்டும் விரித்துச் சொல்கிறேன். “மஞ்சள் போட்டுக் கொடுங்கள்” என்றால் எந்தப் பட்டறையும் தன் தொட்டியில் அன்றைக்கு இருப்பதைத்தான் போட்டுக் கொடுக்கும். அதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது.

மஞ்சள் என்பது முலாம் அல்ல. முலாம் என்பது துத்தநாகம், அதாவது ஜிங்க். அல்லது அக்காலத்தில் காட்மியம். அதன் மேல் சில நொடிகள் குரோமேட் கரைசலில் முக்கி எடுக்கும்போது உருவாகும் மெல்லிய படலமே மஞ்சள். இதைப் பட்டறையில் யெல்லோ பாசிவேஷன் என்போம். பழைய முறையில் ஹெக்ஸாவேலண்ட் குரோமியம் இருந்தது. அதில் வரும் நிறம் ஒரே மஞ்சளாக இருக்காது. பொன்னிறத்துக்குள் பச்சையும் செம்மையும் ஓடும். மழை நீரில் எண்ணெய் படர்ந்தால் தெரியுமே, அந்த நிற ஓட்டம். அது உடலுக்கும் நீருக்கும் கேடு என்பதால் ஐரோப்பாவில் 2007 ஜூலை முதல் புதிய வாகனங்களில் தடுக்கப்பட்டது. இங்கும் வாகன உதிரிபாகம் செய்யும் பட்டறைகள் பெரும்பாலும் கேடு குறைந்த ட்ரைவேலண்ட் குரோமியத்துக்கு மாறிவிட்டன. ட்ரைவேலண்ட் தன் இயல்பில் நீலம் கலந்த வெண்மையைத்தான் தரும். மஞ்சள் வேண்டுமென்றால் பல இடங்களில் சாயம் சேர்ப்பார்கள். சாயம் சேர்த்த மஞ்சள் சீராக, தட்டையாக, எலுமிச்சை போல் இருக்கும். உங்களுக்குக் கிடைத்தது அதுதான்.

பளபளப்புக்குக் காரணம் வேறு. அமிலக் குளோரைடு ஜிங்க் தொட்டியில் பிரைட்னர் என்ற பளபளப்பூட்டி மிகுதி, கண்ணாடி போல் வரும். அல்கலைன் ஜிங்க் தொட்டியில் அவ்வளவு மின்னாது, பழைய பாகத்தின் தோற்றத்துக்கு அருகில் இருக்கும். தகட்டுப் பாகங்களுக்கு அல்கலைனைக் கேளுங்கள். வார்ப்பிரும்பில் அல்கலைன் சரியாக ஏறாது, அதற்கு அமிலத் தொட்டிதான் பொருந்தும். ஆனால் உங்கள் பட்டியலில் முலாமிட வேண்டிய வார்ப்பிரும்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. “பஃபிங் கூடாது” என்பதைத் தாளில் எழுதிப் பாகத்தோடு கம்பியில் கட்டிக் கொடுங்கள். வாயால் சொன்னது கவுண்டரிலிருந்து தொட்டி வரை போய்ச் சேராது. கனம் 8 மைக்ரான் அளவில் போதும். மரை உள்ளவற்றில் அதற்கு மேல் ஏற்றினால் நட் ஏறாது.

நிறத்தின் ஆழம் முக்கி வைக்கும் நொடிகளையும் கரைசலின் அமிலத்தன்மையையும் பொறுத்தது. உங்கள் செக் வால்வின் வாயில் மிஞ்சியிருக்கும் பொன்னிறத்தை மாதிரியாகக் காட்டி, முதலில் ஒரு வாஷரை மட்டும் முக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வாஷருக்கு யாரும் மறுக்க மாட்டார்கள். முலாமேறி வந்த பிறகு ஒரு நாளாவது கை படாமல் நிழலில் உலர விடுங்கள். படலம் முதலில் ஈரப்பசை போன்றது, விரல் பட்டால் தடம் நிற்கும். சீக்கிரம் உலரட்டும் என்று அடுப்பில் வைத்தால், ஐயா சொன்ன அதே வெடிப்பு முதல் நாளே வந்துவிடும்.

இனி எதைத் தொட்டியில் போடக் கூடாது என்பது. ரப்பர் டயஃப்ரம் உள்ள டைவர்ட்டர் வால்வை முழுதாக முக்கவே கூடாது. விளிம்பு மடித்து இறுக்கிய செக் வால்வும் ஆபத்தானது. மடிப்புக்குள் அமிலம் தங்கிவிட்டால் எவ்வளவு கழுவினாலும் முழுதும் வெளியேறாது. மூன்று மாதம் கழித்து மடிப்பின் ஓரத்தில் வெள்ளைப் பூவாகக் கசிந்து, உள்ளே இருக்கும் வால்வையும் தின்றுவிடும். இவற்றுக்குப் பிரஷ் பிளேட்டிங் என்ற முறை இருக்கிறது. துணி சுற்றிய மின்முனையைக் கரைசலில் நனைத்து, வேண்டிய இடத்தில் மட்டும் தேய்த்து முலாம் ஏற்றுவது. நேரம் பிடிக்கும், ஆனால் பாகம் பிழைக்கும். பி.சி.வி. வால்வுக்கு உள்ளே ஸ்பிரிங்கும் ஊசியும் இருக்கின்றன. அதைக் கழுவி, குலுக்கினால் சத்தம் வருகிறதா என்று பார்த்து, அப்படியே விட்டுவிடுவதே முறை.

ஸ்பிரிங் கிளிப்புகளை நீங்கள் கொடுத்தது எனக்குக் கவலை தருகிறது. கடினப்படுத்திய ஸ்பிரிங் எஃகில் அமிலக் கழுவலின்போதும் முலாமின்போதும் ஹைட்ரஜன் புகுந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. மாட்டிச் சில நாட்களில் ஒரு மூலையில் பட்டென்று முறியும். அதைத் தடுக்க, முலாமேறிய நான்கு மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 190 முதல் 220 டிகிரியில் பல மணி நேரம் அடுப்பில் வைத்து ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். மஞ்சள் முக்குவது அதற்குப் பிறகுதான். உங்கள் பட்டறையில் இதைச் செய்தார்களா என்று கேளுங்கள். செய்யவில்லை என்றால் அந்த நான்கு கிளிப்புகளையும் வண்டியில் மாட்ட வேண்டாம்.

காட்மியத்தைத் தேடி அலைய வேண்டாம். அது நஞ்சு. சயனைடு தொட்டியில் ஏற்றப்படுவது. தேர்ந்த கண்களுக்குக் காட்மியத்தின் மஞ்சள் சற்றுக் கருமை கலந்த வெண்கலம் போலத் தெரியும், ஜிங்க் சற்று வெளிர். அவ்வளவே. ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். உங்கள் பழைய பாகங்களில் இருப்பது காட்மியமாகவே இருக்கலாம். ஆகவே அவற்றை உலர் உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், வெல்டிங் நெருப்பைக் காட்டாதீர்கள். அந்தத் தூளும் புகையும் நுரையீரலுக்குக் கேடு.

கார்புரேட்டரையும் இதே பையில் போட்டுக் கொடுத்துவிடுவீர்களோ என்ற அச்சத்தில் எழுதுகிறேன். உங்கள் 307க்கு உரிய ராச்செஸ்டர் கார்புரேட்டரின் உடல் துத்தநாகக் கலவை வார்ப்பு. அதன் பசும்பொன் நிறம் முலாமால் வந்ததல்ல, அந்த வார்ப்பின் மேலேயே நேராகக் குரோமேட் முக்கியதால் வந்தது. அதை நன்கு கழுவி மீண்டும் குரோமேட்டில் முக்கினால் போதும், முலாம் தேவையில்லை.

பதில் 3: மயிலாப்பூர் மோட்டார்

இருவர் எழுதியதும் மிகப் பயனுள்ளது. இருந்தாலும் ஓரிடத்தில் நான் வேறுபடுகிறேன். இந்த வண்டி கண்காட்சி மேடையில் நிற்கப்போகிறதா, ஞாயிற்றுக்கிழமை காலையில் கடற்கரைச் சாலையில் ஓடப்போகிறதா? சென்னையின் உப்புக் காற்றில் மெல்லிய முலாம் ஒரு மழைக்காலத்துக்குள் வெள்ளைத் துரு பூத்துவிடுகிறது. என் வீடு கடலிலிருந்து ஒன்றரை கிலோமீட்டருக்குள் இருப்பதால் இதை அனுபவித்துச் சொல்கிறேன். ஓட்டப்போகும் வண்டி என்றால், சாயமில்லாத ட்ரைவேலண்ட், அதன் மேல் சீலர், மரை இல்லாத பாகங்களில் சற்றுக் கூடுதல் கனம் என்று போவதே விவேகம் என்பது என் கருத்து. நிறம் அப்படியே பொருந்தாவிட்டாலும் பரவாயில்லை.

பம்பைக் கழற்றக் கூடாது என்பதில் மட்டும் முழு உடன்பாடு. அது பயனற்றது என்பது பரவலான தவறான எண்ணம். எரியாமல் வெளியேறும் ஹைட்ரோகார்பனும் கார்பன் மோனாக்ஸைடும் எக்ஸாஸ்ட் வாயிலில் இன்னும் கொதிக்கும் வெப்பத்தில் இருக்கும்போதே காற்றைச் செலுத்தி அங்கேயே எரித்துவிடுவதுதான் அதன் பணி. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும் நொடியில் கலவை செறிவாகிவிடும். அப்போதும் காற்று போனால் சைலன்சரில் வெடிக்கும், அதனால் டைவர்ட்டர் வால்வு அக்காற்றை வெளியே திருப்பிவிடுகிறது. பெல்ட் அறுந்தால் சூடான புகை பின்னோக்கி வந்து ஹோஸையும் பம்பையும் எரித்துவிடாமல் தடுப்பது செக் வால்வு. கேடலிடிக் கன்வெர்ட்டர் அமெரிக்காவில் 1975இலும், நம் நான்கு பெருநகரங்களில் 1995இலும் வருவதற்கு முன்பு, புகையை வெளியே விட்ட பிறகும் விடாமல் துரத்திச் சுத்தம் செய்ய முயன்ற ஓர் அமைப்பு இது. நம் ஊரில் அந்த முதல் கன்வெர்ட்டர் வண்டிகளின் கன்வெர்ட்டர்களும், உள்ளிருக்கும் பிளாட்டினத்துக்காகக் கழற்றப்பட்டு மறைந்துகொண்டிருக்கின்றன என்பது எனக்குத் தனி வருத்தம்.

இன்னொன்று, முதல் பதிவு செய்து ஐம்பது ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கு 2021இல் வந்த விண்டேஜ் பதிவு விதி, வண்டி மூல வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும், சேஸி, பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் இருக்கக் கூடாது என்கிறது. நீங்கள் அந்தப் பதிவுக்கு விண்ணப்பிக்க எண்ணினால், பம்பும் குழாய்களும் உரிய இடத்தில் உரிய தோற்றத்தில் இருப்பது உங்கள் பக்கம் பேசும்.

பதில் 4: கோட்டூர்புரம்68

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு, சொன்னபடியே வெள்ளைத் தாளை வைத்துப் படம் எடுத்து, பிறகுதான் கழுவினேன்.

வலப்பக்கச் செக் வால்வில் ஹோஸ் மூடியிருந்த இடத்தில் ஒரு விரல் அகலத்துக்குப் பொன்னிறம் அப்படியே இருக்கிறது. வெயிலில் திருப்பினால் உள்ளே பச்சை ஓடுகிறது. அதைக் கண்டபோது ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லத் தெரியவில்லை. அந்த மஞ்சளை என் தாத்தாகூடப் பார்த்திருக்க மாட்டார். இடப்பக்க வால்வில் ஒன்றுமில்லை, முழுதும் துரு. பம்ப் பிராக்கெட்டில் இரு தகடுகள் அழுந்திய இடத்தில் கறுப்பு பெயிண்ட் தெரிகிறது, அதிகப் பளபளப்பில்லாத கறுப்பு. புல்லியின் மைய வட்டத்தில் பெயிண்ட் இல்லை, எண்ணெய் குடித்த கறுஞ்சாம்பல் நிறம் மட்டுமே, எனவே பாஸ்பேட் என்று எண்ணுகிறேன். காற்றுக் குழாய்களில் நட் மறைத்த இடத்தில் மஞ்சள் இல்லாத வெண்ணிற முலாம் ஒரு நூல் அளவு இருக்கிறது.

பட்டறையில் கேட்டேன், கிளிப்புகளை அடுப்பில் வைக்கவில்லை என்று மறைக்காமல் சொன்னார்கள். அவற்றை ஒதுக்கிவிட்டேன். மயிலாப்பூர் நண்பரின் கேள்விக்குப் பதில்: வண்டி ஓடும், ஆனால் ஆண்டுக்குச் சில நாட்கள்தான், மற்ற நாட்களில் மூடிய கொட்டகையில் நிற்கும். ஆகவே நிறத்தின் பக்கமே சாய்கிறேன்.

இரண்டு ஐயங்கள் மீதமுள்ளன. மஞ்சள் எச்சம் உள்ள வலப்பக்க வால்வையும் புதுப்பிக்க வேண்டுமா? எலுமிச்சை மஞ்சளாகிவிட்ட இரண்டு பிராக்கெட்டுகளை மீட்க வழி உண்டா? தாத்தா எடுத்த ஒரு பழைய படத்தில் அவை மங்கிய கறுப்பாகத் தெரிகின்றன.

பதில் 5: அம்பத்தூர் பணிமனை

தம்பி, நிறைவான வேலை. வெண்ணிறக் குழாய்க்கு நிறமில்லாத பாசிவேஷனைக் கேளுங்கள். ட்ரைவேலண்டின் இயல்பான நீல வெண்மையே அங்கே பொருந்திவிடும், ஆகவே அந்த ஒரு பாகத்துக்கு மயிலாப்பூர் நண்பரின் யோசனையும் உங்கள் விருப்பமும் ஒன்றாகிவிடுகின்றன. ஆனால் மேனிஃபோல்டுக்கு அருகில் உள்ள முனை முதல் நீண்ட ஓட்டத்திலேயே மங்கும், அதை மீண்டும் மீண்டும் புதுப்பிக்க முயல வேண்டாம். புல்லியை, இளகிய துருவைச் சுரண்டாமல் கரைசலில் ஊறவைத்து நீக்கிய பிறகு, சூடான மாங்கனீஸ் பாஸ்பேட் செய்து எண்ணெயில் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். பிளாக்கடைசிங் என்று வேறொன்றைச் சொல்வார்கள். அது நீலக் கறுப்பாக வரும், துருவையும் அவ்வளவு தடுக்காது, வேண்டாம்.

வலப்பக்க வால்வைப் புதுப்பிக்காதீர்கள். ஊதினால் ஒரு திசையில் மட்டும் காற்று போகிறதா என்று சோதியுங்கள். போனால் மெழுகு மெல்லியதாகத் தடவி அப்படியே வையுங்கள். இடப்பக்கத்தை அதைப் பார்த்துப் பிரஷ் பிளேட்டிங்கில் செய்யுங்கள், மாதிரி உங்கள் கையிலேயே இருக்கிறது. இரண்டும் ஒரே நிறத்தில் இராதே என்று தயங்க வேண்டாம்.

பிராக்கெட்டுகள் சாதாரணத் தகடு, ஸ்பிரிங் எஃகு அல்ல, ஆகவே முலாமை நீக்குவதில் அச்சமில்லை. கொடுத்த பட்டறையிலேயே அமிலத்தில் கழற்றித் தருவார்கள். ஆனால் பஃபிங்கில் மழுங்கிய அச்சுத் தடங்கள் திரும்பா. அதை மறைக்கப் புட்டி வைக்காதீர்கள். பழைய படத்தில் தெரிவது போல் அரைப் பளபளப்புள்ள கறுப்பைக் கையால் ஸ்பிரே செய்யுங்கள், பவுடர் கோட்டிங் கனமாகி ஓரங்களை உருட்டிவிடும். கிளிப்புகளுக்கு ஜி.பி. ரோட்டில் முலாம் ஏறாத, எண்ணெய் பூசிய கறுப்பு ஸ்பிரிங் கிளிப் கிடைக்கிறதா என்று ஹோஸின் வெளிவிட்டத்தை மில்லிமீட்டரில் அளந்துகொண்டு போய்க் கேளுங்கள். கிடைக்காவிட்டால் புதுப்பேட்டையில் பழைய வண்டி உடைக்கும் கடைகளில் ஒரு காலைப் பொழுது தேடுங்கள். ஒதுக்கிய நான்கையும் வீசிவிடாமல் அளவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.